நல்ல டான்ஸர், பாட்டு சுமார்: மியூசிக்கல் தியேட்டர் படிக்க எந்தக் கல்லூரி?

எடிசன்வாசி எழுதியது:

வணக்கம். மகள் பதினொன்றாம் வகுப்பு, நியூ ஜெர்சி அரசுப் பள்ளி. ஆறு வயதிலிருந்து பாலே, பாயிண்ட் ஷூவும் போட்டாச்சு. ஜாஸ், டேப் இரண்டும் ஐந்து வருடமாக. பரதநாட்டியத்தில் அரங்கேற்றம் முடிந்தது. பள்ளி மியூசிக்கலில் இரண்டு வருடம் டான்ஸ் கேப்டன். கர்நாடக சங்கீதம் வர்ணம் வரை. பிராட்வே பாட்டுக்கு ஒரு வருடமாகத்தான் தனி ஆசிரியர். நடிப்பு என்று தனியாக எதுவும் கற்கவில்லை. ஜிபிஏ 3.8.

கேள்விகள்: கலைப் பயிற்சியை மையமாக வைத்த பிஎஃப்ஏ பட்டத்தில் மியூசிக்கல் தியேட்டரா, டான்ஸா? டான்ஸ் பலமாக இருக்கும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரிகளைப் பார்க்க வேண்டும்? ஆடிஷனில் பரதத்தைக் காட்டலாமா, இல்லை மறைத்து வைப்பதா? வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 40,000 டாலருக்கு மேல் எங்களால் முடியாது. சொந்தக்காரர்கள் மெடிசின் பற்றிப் பேசி ஓய்ந்துவிட்டார்கள், அதனால் அந்த ஆலோசனை வேண்டாம்.

மேடைப்பக்கம் எழுதியது:

முதலில் ஒன்று. டான்ஸ் நன்றாக வருகிறது என்பதால் டான்ஸ் பெயர்போன கல்லூரியைத் தேடுவீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். உங்கள் மகள் விஷயத்தில் பாட்டை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். டான்ஸ் பகுதியில் ஒரே ஒரு பரிசோதனை போதும், அதைக் கீழே சொல்கிறேன்.

காரணம் தொழில் நடக்கும் விதம். பிராட்வே கோரஸுக்கு (குழுவாக ஆடிப் பாடுபவர்கள்) ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்தின் விதிப்படி நடக்கும் ஆடிஷனில் டான்ஸர்களுக்கும் பாடகர்களுக்கும் தனித்தனி அழைப்பு. டான்ஸர் அழைப்பில் முதலில் ஆடவைத்துப் பாதிக்கு மேல் அனுப்பிவிடுவார்கள். மீதி நிற்பவர்களிடம் '16 பார் பாடு' என்பார்கள், அதாவது அரை நிமிடம். ஆட்டத்தில் தேறிய கூட்டம் அந்த அரை நிமிடத்தில்தான் உதிரும். கோரஸில் ஆடுபவரே நாலு பாகமாகப் பிரியும் ஹார்மனியில் ஒரு பாகத்தைப் பிடித்துப் பாட வேண்டும். ஸ்விங் வேலை என்றால் எட்டுப் பத்துப் பேரின் ஆட்டத்தையும் ஹார்மனியையும் மனப்பாடமாக வைத்திருந்து, யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர் இடத்தில் அன்று மாலையே இறங்க வேண்டும். டான்ஸ் கேப்டனாக இருந்த பிள்ளைக்கு அந்த மூளை ஏற்கெனவே இருக்கும்.

இப்போது பட்டங்கள். பிஎஃப்ஏ மியூசிக்கல் தியேட்டரில் நடிப்பு, பாட்டு, ஆட்டம் மூன்றும் தினமும் உண்டு. பிஎம் என்பது இசைப் பள்ளியின் பட்டம், இசைக் கோட்பாடும் செவிப் பயிற்சியும் கூடுதல், டான்ஸ் நேரம் பெரும்பாலும் குறைவு. பால்ட்வின் வாலஸ் பல்கலை அந்த வகை. கர்நாடக சங்கீதக் காது இருப்பதால் அங்கே திணற மாட்டார், ஆனால் பத்து வருட பாலே துருப்பிடிக்கும். பிஏவில் மற்ற பாடங்களுக்கு இடமிருக்கும், இரட்டை மேஜர் எடுக்கலாம். பிஎஃப்ஏ டான்ஸ் எடுத்தால் தனிப் பாட்டு வகுப்பு பல இடங்களில் கிடைக்காது, அல்லது தனிக் கட்டணம். மகளின் நோக்கம் மேடை மியூசிக்கல்தான் என்றால் பிஎஃப்ஏ மியூசிக்கல் தியேட்டரைப் பிரதானமாக வைத்து, இரண்டு மூன்று இடத்தில் மட்டும் டான்ஸுக்கும் விண்ணப்பியுங்கள்.

நான் சொன்ன அந்தப் பரிசோதனை: 'உச்சக்கட்ட பாலே வகுப்புக்கு முதல் வருடமே வந்துவிட்டால் மீதி மூன்று வருடம் என்ன செய்வாள்?' செமஸ்டர் தொடக்கத்தில் நிலை பார்த்து வகுப்பு பிரிப்பார்கள். மியூசிக்கல் தியேட்டர் மாணவர்களுக்கு மூன்றே நிலைதான் உண்டு, டான்ஸ் துறை வகுப்பில் உட்கார அனுமதியில்லை என்றால், இரண்டாம் வருடத்திலேயே உங்கள் மகள் தெரிந்ததையே திரும்பச் செய்துகொண்டிருப்பாள். டான்ஸ் மேஜர்களோடு வகுப்பெடுக்க விடுவார்களா, அந்த அனுமதி எழுத்தில் உள்ளதா, அட்டவணையில் நடிப்பு வகுப்போடு மோதுமா என்று மாணவர்களிடம் கேளுங்கள். ஆசிரியர் 'ஆமாம், முடியும்' என்பார். அட்டவணை மோதுகிறதா என்பதை மூன்றாம் வருட மாணவிதான் சொல்வாள்.

கூடவே: வாரத்துக்கு எத்தனை டெக்னிக் வகுப்பு, ஜோடியாக ஆடும் பார்ட்னரிங் வகுப்பு உண்டா, தரை அடியில் குஷன் வைத்த மரத்தரையா இல்லை கான்கிரீட் மேல் ஒட்டிய வினைலா. கடைசியது அற்பமாகத் தெரியும். நாலு வருடம் கான்கிரீட்டில் குதித்தால் கணுக்காலும் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பும் பேசும். பரதம் ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

பாட்டுப் பக்கம் கேட்க வேண்டியது: வாரம் ஒரு தனி வகுப்பு எட்டு செமஸ்டரும் உண்டா, 30 நிமிடமா 60 நிமிடமா, அந்த ஆசிரியர் பெல்ட் (மார்புக் குரலில் ஓங்கிப் பாடுவது), மிக்ஸ் (மார்புக் குரலையும் தலைக் குரலையும் இணைத்துப் பாடுவது) சொல்லிக்கொடுப்பவரா அல்லது ஓபரா மட்டுமா. டான்ஸில் பலமாக வரும் பிள்ளைகளைக் கோரஸின் பின்வரிசையில் நாலு வருடமும் ஆடவிட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கடந்த மூன்று வருட நாடக அறிவிப்புகளை எடுத்து, மூன்றாம் நான்காம் வருட டான்ஸர்களுக்குப் பேசும் வேடம் வந்திருக்கிறதா பாருங்கள். முதல் வருடம் மேடையேறவே விடாத கல்லூரிகளும் உண்டு. அது குறை அல்ல, தெரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான்.

கல்லூரிகள். சின்சினாட்டி பல்கலையின் இசைப் பள்ளியான சிசிஎம், 1968-ல் இந்தத் துறையையே நாட்டில் முதலில் தொடங்கிய இடம், ஆட்டத்துக்கும் கண்டிப்பு அதிகம். மிச்சிகன், கார்னெகி மெலன் இரண்டும் எல்லார் பட்டியலிலும் இருக்கும், எனவே யாருக்கும் உறுதியில்லை. வட கரோலைனாவின் ஈலான், பென் ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட், பாஸ்டன் கன்சர்வேட்டரி ஆகியவை ஆடுபவர்களை மதிக்கும் இடங்கள். பிட்ஸ்பர்கின் பாயிண்ட் பார்க்கில் மியூசிக்கல் தியேட்டரும், பாலே, ஜாஸ், மாடர்ன் என்று பிரிந்த டான்ஸ் பட்டமும் ஒரே கூரையின் கீழ். அடுத்த வருடம் விண்ணப்பிக்கப்போகிறவர்களுக்கு நான் முதலில் போய்ப் பார்க்கச் சொல்லும் இடம் அதுதான். மன்ஹாட்டனின் பேஸ் பல்கலையில் மியூசிக்கல் தியேட்டர் தனி, கமர்ஷியல் டான்ஸ் தனி. இரண்டாவது, மியூசிக் வீடியோ, டூர், டிவி வேலைக்கானது. பெயரைப் பார்த்து மயங்கி அதில் சேர்ந்துவிட்டுப் பாட்டு வகுப்பு எங்கே என்று தேடாதீர்கள்.

ஓக்லஹோமா சிட்டி பல்கலையையும் பலர் சொல்வார்கள். டேப், ஜாஸ், மியூசிக்கல் டான்ஸ் என்றே தனி டான்ஸ் பள்ளி வைத்திருக்கும் அபூர்வ இடம். ஆனால் விளம்பரத்தில் வரும் பிராட்வே நட்சத்திரங்களான கிறிஸ்டின் செனோவெத், கெல்லி ஓஹாரா இருவரும் அங்கே ஒரே பாட்டு ஆசிரியையான ஃபுளோரன்ஸ் பர்ட்வெல்லிடம் படித்தவர்கள். டான்ஸ் பள்ளி வேறு கட்டடம், வேறு பட்டம், வேறு பாடத்திட்டம். பழைய மாணவர் பட்டியலைப் பார்க்கும்போது எந்தத் துறையில் படித்தார் என்று பாருங்கள்.

உங்கள் பட்ஜெட்டுக்கு மான்ட்கிளேர் ஸ்டேட். பிஎஃப்ஏ மியூசிக்கல் தியேட்டர் உண்டு, பிஎஃப்ஏ டான்ஸும் உண்டு, உள்மாநிலக் கட்டணம், நியூயார்க்குக்கு ரயில். வீட்டுப் பக்கம் என்பதாலேயே பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்க விடாதீர்கள்.

சலங்கைச்சத்தம் எழுதியது:

மேலே சொன்னவர் கல்லூரிப் பக்கம் முடிச்சிட்டார். நான் பரதமும் கர்நாடகமும் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்னு மட்டும் சொல்றேன்.

பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா பலர் அதை மைனஸ்னு நினைக்கிறாங்க. பொண்ணு 5 கட்டையில பாடினா ஸட்ஜம் மேற்கத்திய ஜி. தார ஸ்தாயி சுத்த மத்யமம் நடு சி-க்கு மேல வர்ற சி, பஞ்சமம் டி. அந்த இடத்தை மார்புக் குரல்லயே தொடுறவங்களுக்குப் பிராட்வே பெல்ட்டுக்கான சத்தம் ஏற்கெனவே பாதி இருக்கு. இல்லாதது என்னன்னா, அதுக்கு மேல போற தலைக் குரல். கர்நாடகத்துல அதைக் கிட்டத்தட்டத் தொடவே மாட்டோம். அதனால குரல் ஒரு இடத்துல டக்னு உடையும். அந்த உடைப்பை மூடுறதுதான் மிக்ஸ். இப்போ இருக்கிற ஆசிரியர்கிட்ட அடுத்த ஆறு மாசம் அதையே முக்கிய வேலையா வைக்கச் சொல்லுங்க.

இரண்டாவது, கமகம். நீளமா ஒரு ஸ்வரத்துல நிக்கணும்னா நம்ம குரல் தானா கீழேருந்து வழுக்கி ஏறும், இல்ல லேசா அசையும். பேனல்ல இருக்கிறவங்களுக்கு அது சுருதி சேராத மாதிரி கேட்கும். வீட்டுல தம்புரா போட்டு ஸ, ப, மேல் ஸ மூணையும் நேரா, அசைவே இல்லாம எட்டு எட்டு எண்ணிக்கை பிடிக்கச் சொல்லுங்க. மூணாவது, பிராட்வே பாட்டு நடுவுல திடீர்னு அரை ஸ்வரம் ஏறும். ஒரே ஸட்ஜத்துல ஊறின காது அங்க பழைய ஆதாரத்தையே பிடிச்சுத் தொங்கும். அந்த ஏத்தம் வர்ற பாட்டை வேணும்னே பழகணும், ஆனா ஆடிஷனுக்கு அதை எடுக்கக் கூடாது. ஸரிகம சொல்லத் தெரிஞ்சதால கல்லூரியில சால்ஃபெஜ் வகுப்பு சுலபமா வரும். ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கிறது மட்டும் தனியா கத்துக்கணும்.

ஆட்டத்துல: அரைமண்டி உட்கார்ந்த நிலை, அதுல தங்குவோம். பாலேயோட டெமி பிளியே (முழங்காலைப் பாதி மடக்குறது) கடந்து போற நிலை, மேலே எழும்பறதுக்காக இறங்கறது. பாலே டீச்சர் பத்து வருஷத்துல அதைச் சரிபண்ணியிருப்பாங்க, ஆனா களைப்பானா எடை மறுபடி குதிகாலுக்குப் போயிடும், பிருவெட் (ஒத்தைக் கால் சுத்து) பின்னால சாயும். வீடியோவுல ஸ்லோ மோஷன்ல பாருங்க, தெரிஞ்சிடும். நாட்டியாரம்பத்துல தோளுக்கு நேரா முழங்கையைத் தூக்கி வைக்கிற பழக்கமும் ஜாஸ்ல தோளை இறுக்கும். இடுப்பைத் தனியா அசைக்கிறது நம்மகிட்ட கிடையாது, பாப் ஃபாஸிங்கிற பிராட்வே நடன இயக்குநரோட பாணிக்கு அதுதான் ஆதாரம். டேப்புல தாளக் கணக்கு நம்ம பிள்ளைங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா தட்டு அடவுல முழுப் பாதத்தையும் முழங்கால்லேருந்து இறக்குவோம், டேப்புல கணுக்கால் தொங்கிட்டு இருக்கணும். இறுக்கமான கணுக்கால்ல ஷஃபிள் (பாதத்தை முன்னும் பின்னும் உரசித் தட்டுறது) வேகம் ஒரு கட்டத்துக்கு மேல ஏறாது.

காட்டலாமான்னு கேட்டீங்க. டான்ஸ் வீடியோவுல வேண்டாம், அங்க பாலே, ஜாஸ் டெக்னிக்கைத்தான் தேடுவாங்க. பல கல்லூரி 'வைல்டு கார்டு'ன்னு இஷ்டப்பட்டதைக் காட்ட ஒரு சின்ன வீடியோ கேட்கும். அதுல வைங்க. பதம் வேண்டாம், மொழி புரியாதவங்களுக்கு ஒரு நிமிஷத்துல அபிநயம் ஏறாது. ஒரு ஜதிக்கோர்வை, மிஸ்ர சாபுவா இருந்தா இன்னும் நல்லது, சொல்லுக்கட்டைத் தானே வாயால சொல்லிட்டே ஆடட்டும். மூச்சு, தாளம், உச்சரிப்பு, உடம்பு எல்லாம் 45 வினாடியில தெரியும். பட்டுப் புடவை, நகை எதுவும் வேண்டாம். பிராக்டிஸ் சேலை, சலங்கை போதும். அபிநயம் கத்துக்கிட்டது வீண்போகாது, மானோலாக்ல (தனியாப் பேசி நடிக்கிற பகுதி) உதவும். ஒரே எச்சரிக்கை: கண்ணையும் புருவத்தையும் மேடையின் கடைசி வரிசைக்காகப் பழக்கியிருப்போம், கேமராவுக்கு அது மிகை. குளோசப்புல பாதியாக் குறைக்கணும்.

எடிசன்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மகளுடன் உட்கார்ந்து படித்தேன். 'கணுக்கால்' விஷயத்தைப் படித்ததும் சிரித்தாள், டேப் டீச்சர் அதையேதான் சொல்வாராம். இன்னும் மூன்று சந்தேகம். எத்தனை கல்லூரிக்கு விண்ணப்பிப்பது? தேதிகள் எப்படிப் போகும்? பணம் பற்றி யாராவது சொல்ல முடியுமா? மனைவியும் நானும் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம், மகள் இப்போது எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா).

வரவுசெலவு எழுதியது:

ஐயா, கடைசி வாக்கியத்தை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். கணக்கே அதில்தான் மாறுகிறது.

எச்-4-ல் உள்ளவர்களுக்கு ஃபாஃப்சா என்ற உதவி விண்ணப்பத்தின் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது. ஆகவே கல்லூரி தன் பணத்திலிருந்து கொடுக்கும் மெரிட், டேலன்ட் உதவித்தொகையைத்தான் நீங்கள் பெரும்பாலும் நம்ப வேண்டும். உள்மாநிலக் கட்டணம் எச்-4 மாணவருக்கு எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதை மான்ட்கிளேர் அட்மிஷன் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

21 வயது முடிந்ததும் எச்-4 போய்விடும். பெரும்பாலும் அது மூன்றாம் அல்லது நான்காம் வருடத்தில் விழும், அதற்கு முன் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற்ற வேண்டும். மாறிய பின் உள்மாநிலக் கட்டணமும் உதவித்தொகையும் தொடருமா என்று இப்போதே கேளுங்கள். எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, கோடைக்கால மேடை வேலை, தீம் பார்க் ஷோ எல்லாம் அதில் அடக்கம். இந்தத் துறையில் அந்தக் கோடை வேலைதான் பயோடேட்டாவின் முதல் வரி, ஆகவே இது சின்ன இழப்பு அல்ல. பட்டம் முடிந்ததும் எஃப்-1 மாணவருக்கு ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி, 12 மாதம். தொழில்நுட்பப் படிப்புக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இதற்குக் கிடையாது. அதன்பின் பெரும்பாலும் ஓ-1 (தனித்திறமையாளர் விசா) வழிதான், அதற்குப் பத்திரிகை விமர்சனம், நிகழ்ச்சி விளம்பரத்தாள், ஒப்பந்தம் எல்லாம் ஆதாரமாகக் கேட்பார்கள். முதல் வருடத்திலிருந்தே ஒரு கோப்பு போட்டு வையுங்கள். மகளின் வயதைக் கையில் வைத்துக்கொண்டு குடிவரவு வக்கீல் ஒருவரை ஒரு மணி நேரம் பாருங்கள். ஆடிஷன் கோச்சுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அது நன்றாகச் செலவாகும்.

தனியார் கல்லூரிகளில் பெரிய பெயர் உள்ளவை தங்குமிடம், சாப்பாடு சேர்த்து வருடம் 80,000 டாலரைத் தாண்டும். உங்கள் எல்லை 40,000 என்றால் பாதிக்கு மேல் உதவித்தொகையாக வர வேண்டும். 3.8 ஜிபிஏ இங்கே டான்ஸைவிட அதிகம் சம்பாதிக்கும். மெரிட் தொகையை மதிப்பெண் வைத்துத் தானாகக் கொடுக்கும் கல்லூரிகளை முதலில் குறியுங்கள். எந்த உதவித்தொகையானாலும் நாலு வருடமும் தொடருமா, என்ன ஜிபிஏ வைக்க வேண்டும், கட்டணம் ஏறினால் தொகையும் ஏறுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏறாது. அதனால் நாலாம் வருட பில் முதல் வருடத்தைவிட 10,000 டாலர் கூடினாலும் தாங்குமா என்று இப்போதே போட்டுப் பாருங்கள்.

யாரும் பேசாத இன்னொன்று, கல்லூரியே இருக்குமா என்பது. ஃபிலடெல்ஃபியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் 2024 மே 31 அன்று அறிவித்து ஜூன் 7 அன்று மூடியது. டான்ஸுக்கும் தியேட்டருக்கும் பேர்போன இடம், டெபாசிட் கட்டிய பிள்ளைகள் ஒரே வாரத்தில் தெருவில் நின்றார்கள். அதே ஆண்டு மேரிமவுண்ட் மன்ஹாட்டன், நார்த்ஈஸ்டர்னோடு இணையப்போவதாக அறிவித்தது. இணைப்பு கெட்டது என்று சொல்லவில்லை, பட்டத்தின் பெயரும் பாடத்திட்டமும் என்னவாகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய தனியார் கலைக் கல்லூரி எதுவானாலும் அங்கீகாரம் தரும் அமைப்பின் தளத்தில் அதன் பெயரைத் தேடி, 'எச்சரிக்கை', 'புரொபேஷன்' என்று ஏதாவது இருக்கிறதா பார்த்துவிட்டுத்தான் டெபாசிட்.

தேதிகள்: பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையில், ஆகஸ்டுக்குள் பிரீஸ்கிரீன் வீடியோ (நேரடி ஆடிஷனுக்கு முன் கல்லூரி வடிகட்டப் பார்ப்பது) முழுக்க எடுத்து முடித்துவிடுங்கள். கடைசித் தேதிகள் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சிதறிக் கிடக்கும், நவம்பர் 1-ல் குவியும். தேறினால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நேரடி ஆடிஷன். ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸில் யூனிஃபைட்ஸ் நடக்கும், பல கல்லூரிகள் ஒரே இடத்தில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும். நியூயார்க் உங்களுக்குப் பக்கம், விமானச் செலவு மிச்சம். முடிவுகள் ஏப்ரல் 1 வரை சொட்டுச் சொட்டாக வரும், மே 1-க்குள் சேர வேண்டும். படிப்புக்கு ஒரு அனுமதி, கலைக்கு ஒரு அனுமதி, இரண்டும் தனி. ஒன்று கிடைத்து மற்றது மறுக்கப்படுவது சகஜம். எர்லி டிசிஷன் வேண்டாம், உதவித்தொகையை ஒப்பிட முடியாமல் கட்டுப்பட்டுவிடுவீர்கள்.

எண்ணிக்கை 12 முதல் 15. அதிகமாகத் தெரியலாம். வருடத்துக்கு 20 பேர் அளவில் எடுக்கும் வகுப்புக்கு நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கு மேல் வருகிறார்கள். அதிலும் உயரம், குரல் வகை பார்த்துப் பிரித்துத்தான் எடுப்பார்கள். அந்த 15-ல் மூன்று கல்லூரியாவது ஆடிஷன் இல்லாமல் சேரக்கூடியதாக இருக்கட்டும். பென்சில்வேனியாவின் மியூலன்பர்க் ஒன்று: நுழைவுக்கு ஆடிஷன் கட்டாயமில்லை, தியேட்டரும் டான்ஸும் இரட்டை மேஜராக எடுக்கலாம்.

ஸ்கார்பரோக்காரி எழுதியது:

கனடாவையும் ஒருக்கால் பாருங்கோ. ஒன்டாரியோ ஓக்வில்லில ஷெரிடன் கல்லூரி இருக்கு, மியூசிக் தியேட்டருக்கு நாலு வருச ஹானர்ஸ் பட்டம். பிராட்வேக்குப் போன 'கம் ஃப்ரம் அவே' முதல் உருவானதே அங்க மாணவர்களோட 2012-ல நடந்த பட்டறையிலதான். புது நாடகங்களை மாணவர்களை வச்சே வளர்க்கிற திட்டம் எண்டதால உங்கட பிள்ளைக்கு நடிப்பு அனுபவமும் கிடைக்கும். வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் கூடத்தான், எண்டாலும் கனடா டொலரில. அமெரிக்க விசா இழுபட்டுக்கொண்டு இருக்கிற வீடுகளுக்கு ஒரு மாற்று வழி, அவ்வளவுதான். ஸ்டடி பெர்மிட் எடுத்துப் போனா எச்-4 நிலைக்கும் கிரீன் கார்டு வரிசைக்கும் என்ன ஆகும் எண்டதை அதே வக்கீலிட்டக் கேளுங்கோ.

மேடைப்பக்கம் எழுதியது:

வீடியோவையும் ஆடிஷன் நாளையும் பற்றி விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கல்லூரிகள் இப்போது பொது பிரீஸ்கிரீன் விதியைத்தான் பின்பற்றுகின்றன. பாட்டு இரண்டு, ஒன்றுக்கொன்று மாறுபட்டவை, மானோலாக், டான்ஸ், விருப்பமிருந்தால் வைல்டு கார்டு. ஆனால் அதற்குள்ளேயே ஏ, பி என்று பிரிவுகள் வைத்து, எது வேண்டும் என்பதைக் கல்லூரி தேர்ந்தெடுக்கும். ஆகவே ஒரு தாளில் கல்லூரி ஒரு பக்கம், பிரிவு ஒரு பக்கம் என்று கட்டம் போட்டு, எல்லாப் பிரிவுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே நாளில் எடுத்துவிடுங்கள்.

டான்ஸ் வீடியோவில் போனைப் படுக்கைவாட்டில், இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். கண் உயரத்தில் வைத்தால் கால் குட்டையாகத் தெரியும், தரையில் வைத்தால் குதிப்பு பொய்யாகத் தெரியும். பாதம் ஒரு நொடிகூட ஃபிரேமுக்கு வெளியே போகக் கூடாது. சுவர் வெளிர் நிறம் என்றால் உடை அடர் நிறம், உடம்போடு ஒட்டியது. வெட்டி ஒட்டாமல் ஒரே டேக். முதல் 10 வினாடியிலேயே அவள் யார் என்று தெரிய வேண்டும், பேனல் கடைசி வரை பார்க்கும் என்று நம்பி நல்லதைக் கடைசிக்கு ஒதுக்காதீர்கள். போட்டி மேடைப் பழக்கத்தில் அந்தரத்தில் புரளும் வித்தைகளையும் எட்டுச் சுற்றையும் அடுக்குவார்கள். வலது பக்கம் மூன்று, இடது பக்கம் இரண்டு, இரண்டும் சுத்தமாக நின்று முடிந்தால் அது எட்டைவிட மேல். இடது பக்கம் சுற்றாத வீடியோவைப் பார்த்தால் 'சுற்ற வராது' என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பாட்டு வீடியோவில் கெடுவது ஒலிதான். பியானோ டிராக்கை ஒலிக்கவிடும் ஸ்பீக்கரைப் போன் பக்கத்தில் வைத்துவிடுவார்கள், குரல் அமுங்கிவிடும். ஸ்பீக்கர் பாடுபவர் பக்கம், குறைந்த சத்தத்தில். போன் தானாக ஒலியைச் சமன் செய்வதால் பெல்ட் வரும் இடம் நசுங்கிக் கேட்கும். கொஞ்சம் தள்ளி நின்று பாடினால் சரியாகும். கம்பளமும் திரைச்சீலையும் உள்ள அறை நல்லது. எக்கோ எதுவும் சேர்க்காதீர்கள்.

பாட்டுத் தேர்வில் டான்ஸர்கள் செய்யும் தவறு, நட்சத்திரப் பாடகிகளுக்காக எழுதிய உச்சஸ்தாயிப் பாட்டை எடுப்பது. எட்ட முடிந்த உச்ச ஸ்வரம் எதுவோ அதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழே முடிகிற பாட்டாக இருக்கட்டும். ஆடிஷன் காலை எட்டு மணிக்கு, டான்ஸ் கால் முடிந்து வேர்த்து நிற்கும்போது பாடச் சொல்வார்கள். ஆடி முடித்த இரண்டாவது நிமிடத்தில் பாடிப் பார்ப்பதை வாரம் இரண்டு முறையாவது வீட்டிலேயே பழக வேண்டும்.

நேரடி டான்ஸ் காலில் 20, 30 பேரை ஒன்றாக நிறுத்தி ஒரு காம்போ (சிறு ஆட்டத் தொகுப்பு) சொல்லிக்கொடுத்து, பிறகு நாலைந்து பேராக ஆடவைப்பார்கள். உங்கள் மகளுக்கு ஸ்டெப் முதல் தடவையிலேயே ஏறிவிடும். அதன்பின் அவள் செய்ய வேண்டியது, சொல்லிக்கொடுத்தவர் எந்த மனநிலையைச் சொன்னாரோ அதை முகத்திலும் மூச்சிலும் கொண்டுவருவது. பக்கத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இடம் விட்டு ஆடுவதையும் பார்ப்பார்கள். நாலு வருடம் கூட இருக்கப்போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் அல்லவா. பையில் பாலே ஷூ, ஜாஸ் ஷூ, டேப், குதிகால் வைத்த கேரக்டர் ஷூ நாலும் இருக்கட்டும். கேரக்டர் ஷூவை ஆடிஷனுக்கு முந்தின வாரம் புதிதாக வாங்காதீர்கள். பரதம் ஆடிய பாதம் விரல் பக்கம் விரிந்திருக்கும், பாலே அளவை வைத்து ஆன்லைனில் வாங்கினால் சுண்டுவிரல் கடிக்கும்.

பியானோ வாசிப்பவருக்கு மூன்று வளைய பைண்டர், தாளின் இருபக்கமும் அச்சிட்டது, பளபளக்கும் பிளாஸ்டிக் உறை இல்லாமல். தொடக்கமும் முடிவும் தடித்த பேனாவால். அவர் முன் விரலைச் சொடுக்கி வேகம் காட்டக் கூடாது, அது மரியாதைக் குறைவு. முதல் இரண்டு வரியை மெதுவாகப் பாடிக் காட்டினால் வேகம் அவருக்குப் புரியும். அதே பாட்டின் 32 பார் வெட்டும் 16 பார் வெட்டும் தனித்தனித் தாளில். 'சின்னதாகப் பாடு' என்று அங்கேயே சொல்லும்போது பியானோ பக்கத்தில் நின்று பக்கம் புரட்டித் தேடக் கூடாது.

எச்-4 விஷயம் தெரிந்த பிறகு என் பட்டியலில் ஒரு திருத்தம்: தூர மாநிலத்து அரசுக் கல்லூரிகளான டெக்சஸ் ஸ்டேட், மிச்சிகனில் வெளிமாநிலக் கட்டணம் கட்ட வேண்டும், மத்திய அரசு உதவியும் இல்லை. மிச்சிகனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். டெக்சஸ் ஸ்டேட்டில், வெளிமாநில மாணவருக்கு உள்மாநிலக் கட்டணம் கிடைக்கும்படி ஏதாவது உதவித்தொகை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த இடத்தில் வரவுசெலவு சொன்ன மியூலன்பர்க்கைச் சேருங்கள். இந்த வசந்தத்தில், வகுப்பு நடக்கும் ஒரு வார நாளில், பாயிண்ட் பார்க்கையும் மான்ட்கிளேரையும் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை விருந்தினர் நாளில் போனால் கட்டடம்தான் தெரியும், பாலே வகுப்பில் யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பது தெரியாது.